ஏவுதளம் தொடங்கிக் கரை வரை: ஒரு வானிலைச் செயற்கைக்கோளின் பயணம்

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஒரு வானிலைச் செயற்கைக்கோள் எந்தெந்தக் கட்டங்களைக் கடந்து விண்ணில் தன் இடத்துக்குப் போய்ச் சேருகிறது என்பது. பொதுப்படையாகப் பேசினால் மனத்தில் நிற்காது. ஆகவே ஒரே ஒரு செயற்கைக்கோளை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போவோம். அதன் பெயர் இன்சாட்-3டிஎஸ். எடை 2,274 கிலோ. 2024 பிப்ரவரி 17, சனிக்கிழமை மாலை 5.35 மணிக்கு, சென்னைக்கு வடக்கே பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி-எஃப்14 ராக்கெட்டில் அது புறப்பட்டது. நம் நாட்டுப் புவி அறிவியல் அமைச்சகம் முழுச் செலவையும் ஏற்றுச் செய்யச் சொன்ன செயற்கைக்கோள் அது.

ராக்கெட் கிளம்புவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நெருப்பு, புகை, கைத்தட்டல். பத்தொன்பது நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஏவுதல் என்றால் அவ்வளவுதானா? அவ்வளவுதான் என்று நினைத்தால், அதற்கு முன்னால் நடந்த ஆண்டுக்கணக்கான உழைப்பும் நம் கண்ணுக்குத் தெரியாது, அதற்குப் பின்னால் நாம் செய்யவேண்டிய கடமையும் தெரியாது. அந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லவே இங்கே வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. இந்தச் செயற்கைக்கோளை ஏன் அவ்வளவு தூரம் அனுப்பவேண்டும்? 36,000 கிலோமீட்டர் உயரம்! சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றவிட்டால் செலவு குறையாதா? படம் இன்னும் தெளிவாக வராதா?

வரும். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி அமெரிக்கா அனுப்பிய டைரோஸ்-1 அப்படித்தான் தாழ்வாகச் சுற்றியது. உலகின் முதல் வெற்றிகரமான வானிலைச் செயற்கைக்கோள் அது. 78 நாள் வேலை செய்தது. மேகங்களை மேலிருந்து பார்க்க முடியும் என்று மனிதகுலத்துக்கு முதன்முதலில் காட்டியது அதுதான். ஆனால் தாழ்வாகச் சுற்றுவது ஓரிடத்தில் நிற்காது. வங்கக் கடலை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு அட்லாண்டிக்குக்குப் போய்விடும். மறுபடி வரப் பல மணி நேரம் ஆகும். புயல் அதுவரை காத்திருக்குமா?

காத்திருக்காது. ஆகவே நமக்கு வேண்டியது கண் கொட்டாமல் பார்க்கும் காவல். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் சுற்றினால், பூமி ஒரு முறை தன்னைச் சுற்றும் அதே நேரத்தில் செயற்கைக்கோளும் ஒரு சுற்று முடிக்கும். நம் தலைக்கு மேல் அது அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும். வங்கக் கடல், அரபிக் கடல், இந்தியப் பெருங்கடல் மூன்றும் இரவும் பகலும் அதன் பார்வையில் இருக்கும். புவிநிலைச் சுற்றுப்பாதை என்பது இதுதான். இன்சாட்-3டிஎஸ் போய்ச் சேரவேண்டிய வீடும் இதுதான்.

அந்த வீட்டுக்குப் போகும் வழியின் முதல் கட்டம் தரையிலேயே இருக்கிறது. அது சோதனைக் கட்டம்.

மேகத்தைப் படம் பிடிக்கும் கருவியும், காற்றின் அடுக்குகளில் வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கும் கருவியும் அகமதாபாதில் உள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தில் உருவாகின்றன. செயற்கைக்கோளின் உடல் பெங்களூரில் யு.ஆர். ராவ் செயற்கைக்கோள் மையத்தில் உருவாகிறது. எல்லாவற்றையும் பொருத்திய பிறகு அதை வாட்டி எடுக்கிறார்கள். பெரிய வெற்றிடக் கூடத்துக்குள் வைத்துச் சுட்டெரிக்கும் வெப்பத்தையும் உறையவைக்கும் குளிரையும் மாறி மாறிக் கொடுக்கிறார்கள். ராக்கெட்டில் ஏற்படும் அதிர்வைத் தரையிலேயே உண்டாக்கிக் குலுக்குகிறார்கள். காது செவிடாகும் பேரொலியை எழுப்பி அதன் நடுவே நிறுத்துகிறார்கள். ஏன் இத்தனை பாடு? மேலே போன பிறகு ஒரு திருகு கழன்றால், போய் முடுக்கிவிட்டு வர ஆள் கிடையாது. அதனால்தான்.

இரண்டாவது கட்டம், ராக்கெட்டை அடுக்குவது. ஜிஎஸ்எல்வியின் உயரம் 51.7 மீட்டர். புறப்படும்போது எடை 420 டன். அந்த 420 டன்னில் செயற்கைக்கோளின் பங்கு இரண்டேகால் டன்! நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மற்றதெல்லாம் அந்த இரண்டேகால் டன்னைத் தூக்கிக்கொண்டு போவதற்காக எரிந்து தீரவேண்டியவை, கழன்று விழவேண்டியவை.

அடியில் 139 டன் திட எரிபொருள் நிரம்பிய முதல் அடுக்கு. அதன் நான்கு பக்கமும் ஒட்டிக்கொண்டு, தலைக்கு 40 டன் திரவ எரிபொருள் கொண்ட நான்கு துணை ராக்கெட்டுகள். அதற்கு மேலே, அதே திரவ எரிபொருளில் இயங்கும் இரண்டாம் அடுக்கு. அதற்கும் மேலே மூன்றாவதாக, கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் அடுக்கு. உச்சியில், வெப்பக் கவசத்துக்குள்ளே நம் செயற்கைக்கோள்.

அந்த நான்கு துணை ராக்கெட்டுகளிலும் இரண்டாம் அடுக்கிலும் இருப்பவை விகாஸ் எஞ்சின்கள். விகாஸ் எஞ்சினுக்கும் கிரையோஜெனிக் எஞ்சினுக்கும் எங்கே சோதனை நடக்கிறது தெரியுமா? திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் எழும் அந்த முழக்கத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அங்கே ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள்.

மூன்றாவது கட்டம், கவுன்ட் டவுன். பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணுவதை மட்டுமே நாம் கேட்கிறோம். ஆனால் இந்த ஏவுதலுக்கான கவுன்ட் டவுன் இருபத்தேழரை மணி நேரம் ஓடியது. முந்தின நாள் பிற்பகல் 2.05-க்கே எண்ணத் தொடங்கிவிட்டார்கள். திரவ எரிபொருளை நிரப்பவேண்டும். மின்கலங்களைச் சரிபார்க்கவேண்டும். வால்வு ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பார்க்கவேண்டும். கிரையோஜெனிக் அடுக்கில் ஊற்றும் திரவ ஆக்சிஜனின் குளிர் மைனஸ் 183 டிகிரி. திரவ ஹைட்ரஜனின் குளிர் மைனஸ் 253 டிகிரி. நிரப்ப நிரப்ப அது ஆவியாகிக்கொண்டே இருக்கும்; ஆகவே அதைக் கடைசி மணி நேரங்களில்தான் நிரப்புகிறார்கள். கடைசி நிமிடங்களில் மனிதர்கள் கையை எடுத்துவிட, கணினி பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது.

அன்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறேன். நம் ஊர்த் தேரோட்டத்தை நினைத்துப் பாருங்கள். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர். சக்கரத்தோரம் குனிந்தபடியே ஓடி முட்டுக்கட்டை போடுபவர்கள் சிலபேர்தான். ஆனால் தேர் தெருமுனையில் திரும்பி நிலைக்கு வந்து சேருவது அந்தச் சிலபேர் கையில் இருக்கிறது. ஏவுதலிலும் அப்படித்தான். உந்துவதற்கு எவ்வளவு வல்லமை வேண்டுமோ, உரிய நேரத்தில் நிறுத்துவதற்கும் அவ்வளவு வல்லமை வேண்டும்.

2001 மார்ச் 28. ஜிஎஸ்எல்வியின் முதல் பயணம். எண்ணிக்கை முடியும் தறுவாயில் துணை ராக்கெட்டுகளின் எஞ்சின்கள் பற்றிக்கொண்டன. நான்கில் ஒன்று மட்டும் உரிய உந்துவிசையைத் தரவில்லை. ராக்கெட் எழும்ப ஒரு நொடி இருக்கும்போது கணினி எல்லாவற்றையும் அணைத்தது. திட எரிபொருள் ஒரு முறை பற்றினால் அணைக்க முடியாது. அதனால்தான் அணைக்கக்கூடிய திரவ எஞ்சின்களைச் சில நொடி முன்னதாகவே பற்றவைத்து, நான்கும் சரியாக எரிகின்றனவா என்று பார்த்துக்கொள்ளும்படி அமைத்திருந்தார்கள். அந்த ஏற்பாடு ராக்கெட்டையும் ஏவுதளத்தையும் காப்பாற்றியது. மூன்று வாரம் கழித்து, ஏப்ரல் 18-ஆம் தேதி, அதே ராக்கெட் விண்ணுக்குப் போனது.

2013 ஆகஸ்ட் 19. புறப்பட 74 நிமிடம் இருக்கும்போது இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிவது தெரிந்தது. நாடே பார்த்துக்கொண்டிருந்தது. நிறுத்துங்கள் என்று சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! சொன்னார்கள். நிறுத்தினார்கள். ராக்கெட்டைத் திருப்பிக் கொண்டுபோனார்கள். இரண்டாம் அடுக்கைப் புதிதாகச் செய்தார்கள். 2014 ஜனவரி 5-ஆம் தேதி அந்த ராக்கெட் வென்றது. நம் நாட்டில் செய்த கிரையோஜெனிக் எஞ்சின் முதன்முதலில் வெற்றி கண்ட நாள் அது. அன்று ஆகஸ்டிலேயே போகட்டும் என்று விட்டிருந்தால் இந்த வெற்றி ஏது?

நான்காவது கட்டம், எழும்புதல். இந்தியா கிழக்குக் கரையிலிருந்து ஏவுவதற்குக் காரணம் உண்டு. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. ஸ்ரீஹரிகோட்டா இருக்கும் இடத்தில் அந்தச் சுழற்சி நொடிக்கு ஏறத்தாழ 450 மீட்டர் வேகத்தை ராக்கெட்டுக்குச் சும்மாவே கொடுக்கிறது. கழன்று விழும் பாகங்களும் ஊர்மேல் விழாமல் கடலில் விழும்.

திட எரிபொருள் சுமார் 100 நொடியில் எரிந்து தீரும். துணை ராக்கெட்டுகள் இன்னும் 50 நொடி போல இழுத்துக்கொண்டு போகும். பிறகு அந்தப் பகுதி முழுவதும் கழன்று விழ, இரண்டாம் அடுக்கு பற்றிக்கொள்ளும். சுமார் 115 கிலோமீட்டர் உயரத்தில் காற்று அநேகமாகத் தீர்ந்துவிடும். காற்று இல்லாத இடத்தில் கவசம் எதற்கு? அது இரண்டாகப் பிளந்து விலகும். செயற்கைக்கோள் முதல் முறையாக விண்வெளியைச் சந்திக்கும். வேலை முடிந்த எதையும் ராக்கெட் ஒரு நொடிகூட அதிகமாகச் சுமப்பதில்லை.

ஐந்தாவது நிமிடம் வாக்கில் கிரையோஜெனிக் அடுக்கு உயிர்பெறும். மற்ற அடுக்குகளைவிட நீண்ட நேரம், பதின்மூன்று நிமிடம் போல, அது எரியும். செயற்கைக்கோளுக்குத் தேவையான வேகத்தில் பெரும்பகுதியைத் தருவது அதுதான்.

இந்த எஞ்சின் நமக்கு எளிதாகக் கிடைத்ததா? 1991-இல் ரஷ்யத் தரப்போடு ஒப்பந்தம் போட்டோம். அமெரிக்கா குறுக்கே நின்றது. 1993-இல் தொழில்நுட்பத்தைத் தரமாட்டோம் என்று ரஷ்யா பின்வாங்கியது. செய்து முடித்த எஞ்சின்களை மட்டும் தந்தது. நாமே செய்வோம் என்று இறங்கினோம். 2010 ஏப்ரலில் முதல் முயற்சி தோற்றது. 2014-இல் வென்றோம். வென்ற பிறகும் பாடம் முடியவில்லை. 2021 ஆகஸ்ட் 12-இல் ஜிஎஸ்எல்வி-எஃப்10 தோற்றது. ஹைட்ரஜன் தொட்டியில் அழுத்தம் குறைந்துபோனதால் கிரையோஜெனிக் எஞ்சின் வேலை செய்யவில்லை. ஒரு வால்வில் ஏற்பட்ட கசிவே காரணம் என்று ஆய்வுக் குழு கண்டது. ஒரு வால்வு! அதைச் சரிசெய்து, 2023 மே மாதம் மறுபடி பறந்து, அதற்கும் அடுத்த பயணத்தில்தான் நம் இன்சாட்-3டிஎஸ் ஏறியது. குறும்புக்காரப் பையன் என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கிய ஜிஎஸ்எல்வி, அன்று மாலை பொறுப்பான பிள்ளையாகத் தன் வேலையைச் செய்தது.

பத்தொன்பதாவது நிமிடத்துக்குள் செயற்கைக்கோள் ராக்கெட்டிலிருந்து பிரிந்தது. அரங்கத்தில் கைத்தட்டல். தொலைக்காட்சி நேரலை முடிந்தது. செயற்கைக்கோள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டதா?

இல்லை. பாதி வழியில் இறக்கிவிடப்பட்டிருக்கிறது. இதுதான் ஐந்தாவது கட்டம். பலரும் கேள்விப்படாத கட்டம்.

ராக்கெட் அதை விட்டது நீள்வட்டப் பாதையில். ஒரு முனையில் பூமிக்கு 170 கிலோமீட்டர் வரை நெருங்கும். மறுமுனையில் 36,000 கிலோமீட்டருக்கு மேல் விலகும். நெருங்கும்போது நொடிக்கு 10 கிலோமீட்டர் வேகம். விலகி உச்சிக்குப் போகும்போது 1.6 கிலோமீட்டர்தான். உச்சியிலேயே நிலைத்துச் சுற்றவேண்டுமானால் அந்த இடத்தில் 3 கிலோமீட்டர் வேகம் வேண்டும். குறைகிற வேகத்தை யார் தருவது? ராக்கெட் போய்விட்டது. செயற்கைக்கோளே தன் எஞ்சினை இயக்கித் தேடிக்கொள்ளவேண்டும். அதற்குத்தான் அது வயிறு நிறைய எரிபொருளைச் சுமக்கிறது. 2016-இல் போன இதன் மூத்த சகோதரி இன்சாட்-3டிஆரின் மொத்த எடை 2,211 கிலோ. அதில் 1,255 கிலோ எரிபொருள்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

கர்நாடகத்தில் ஹாசன் என்ற ஊரில் இருக்கும் இஸ்ரோவின் முதன்மைக் கட்டுப்பாட்டு நிலையம் இந்தப் பொறுப்பை ஏற்றது. செயற்கைக்கோள் உச்சியை நெருங்கும் நேரம் பார்த்து அதன் எஞ்சினை இயக்கினார்கள். இயக்க இயக்கப் பூமியை நெருங்கும் முனை மேலே எழும்பும். நீள்வட்டம் உருண்டு வட்டமாகும். சாய்ந்திருக்கும் பாதை நிலநடுக்கோட்டோடு படியும். இப்படி நான்கு முறை. பிப்ரவரி முடிவதற்குள் இன்சாட்-3டிஎஸ் தன் உயரத்தை எட்டிவிட்டது. அன்று கைத்தட்ட அரங்கம் இல்லை. ஆனால் அந்த நான்கு முறையில் ஒன்று தவறியிருந்தாலும் பிப்ரவரி 17-ஆம் தேதி எழுந்த கைத்தட்டலுக்கு அர்த்தமே இருந்திருக்காது.

ஆறாவது கட்டம், கண் திறப்பது. பூமியிலிருந்து எழும் மெல்லிய வெப்பக் கதிரை உணரவேண்டுமானால் உணரும் கருவி கடுங்குளிரில் இருக்கவேண்டும். ஆகவே செயற்கைக்கோளின் ஒரு பக்கத்தைச் சூரியன் படாமல் இருண்ட விண்வெளியைப் பார்த்தபடி வைக்கிறார்கள். அந்தப் பக்கம் சூரியத் தகடுகூடக் கிடையாது. தகடு மறுபக்கத்தில் மட்டும். பருவம் மாறிச் சூரியன் வடக்கே தெற்கே நகரும்போது, ஆண்டுக்கு இரு முறை செயற்கைக்கோளையே திருப்பி வைக்கிறார்கள்.

மார்ச் 7-ஆம் தேதி படம் பிடிக்கத் தொடங்கியது. படக் கருவி ஆறு அலைவரிசைகளில் பார்க்கிறது. பகலில் ஒரு கிலோமீட்டர் அளவு நுணுக்கம் தெரியும். இரவில் வெப்பத்தை வைத்து மேகத்தை அறியும். கண்ணுக்குத் தெரியாத நீராவியும் அதற்குத் தெரியும். இன்னொரு கருவி பத்தொன்பது அலைவரிசைகளில், தரையிலிருந்து மேலே போகப் போக வெப்பமும் ஈரமும் எப்படி மாறுகின்றன என்று அளக்கிறது. யாரும் போகாத மலையிலும் தீவிலும் இருக்கும் தானியங்கி வானிலை நிலையங்களின் அளவுகளை வாங்கி அனுப்பும் கருவி ஒன்று. நடுக்கடலில் தத்தளிக்கும் கப்பலின் அபாயக் குரலைப் பிடித்துச் சொல்லும் கருவி மற்றொன்று.

இத்தோடு முடிந்துவிட்டதா? தோழர்களே, முடியவில்லை. ஏழாவது கட்டம் ஒன்று இருக்கிறது; விண்ணில் கண்டது கரையில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேரும் கட்டம். அதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கினால் என் பேச்சு குறைப்பேச்சு.

1999 அக்டோபர் 29. ஒடிசாவில் பெரும்புயல். ஏறத்தாழ பத்தாயிரம் பேர் மாண்டார்கள். அன்று விண்ணில் நமக்குக் கண் இல்லையா? இருந்தது. இன்சாட் செயற்கைக்கோள்கள் அந்தப் புயலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் பார்த்த செய்தி குடிசைக்குள் போய்ச் சேர வழியில்லை. சேர்ந்த இடத்திலும் ஓடி ஒதுங்கப் பாதுகாப்பான கட்டடம் இல்லை. 2013 அக்டோபர் 12-இல் அதே ஒடிசாவில் பைலின் புயல். இந்த முறை சுமார் பத்து லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். உயிரிழப்பு ஐம்பதுக்குள் நின்றது. கடல் அதே கடல், மாநிலம் அதே மாநிலம், மாறியது எது? முன்னறிவிப்பு கூர்மையானது. அதைவிட, அறிவிப்புக்கும் கரைக்கும் நடுவே பாதை போட்டார்கள். புயல் காப்பகங்கள் கட்டினார்கள். ஊர் ஊராகத் தொண்டர்களைப் பழக்கினார்கள்.

நம் வீட்டுத் துயரத்தையும் சொல்லவேண்டும். 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து தங்குகடல் மீன்பிடிப்புக்குப் போனவர்கள் பல நாளுக்கு முன்பே கிளம்பி ஆழ்கடலில் இருந்தார்கள். மேலே செயற்கைக்கோள் இருந்தது. கீழே படகு இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு சொல்லை எடுத்துச் செல்லக் கருவி இல்லை. எத்தனை தாய்மார்கள் கடற்கரையில் நின்று அழுதார்கள்! இன்று படகுகளில் செயற்கைக்கோள் வழி இருவழித் தொடர்புக் கருவிகளைப் பொருத்திவருகிறார்கள். அந்தக் கருவி கடைசிப் படகு வரை போய்ச் சேரவேண்டும். கேட்டு வாங்கவேண்டும். பொருத்தியதைப் பழுதில்லாமல் வைத்திருக்கவேண்டும்.

மாணவச் செல்வங்களே, ஒரு வால்வைச் சரிபார்ப்பது சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். ஒரு வால்வு ஒரு செயற்கைக்கோளையே கடலில் தள்ளிய கதையை இப்போது கேட்டீர்கள். நாளைக்கு உங்களில் ஒருவர் மகேந்திரகிரியிலோ ஹாசனிலோ ஸ்ரீஹரிகோட்டாவிலோ உட்கார்ந்திருக்கலாம். கோளாறு கண்ணில் பட்டால், நிறுத்துங்கள் என்று உரக்கச் சொல்லும் துணிவை இன்றைக்கே பழகிக்கொள்ளுங்கள்.

பெரியவர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். 74 நிமிடத்துக்கு முன்னால் ஒரு கசிவைக் கண்டு ராக்கெட்டையே நிறுத்தியவர்களின் கட்டுப்பாடு நமக்கும் வேண்டும். கடலுக்குப் போகவேண்டாம் என்று அறிவிப்பு வந்தால், வானம் தெளிவாக இருந்தாலும் படகைக் கரையிலேயே நிறுத்துங்கள். தாழ்வான இடத்தை விட்டு வெளியேறச் சொன்னால் இருட்டுவதற்கு முன்பே வெளியேறுங்கள். போன முறை சொன்னார்கள், ஒன்றும் வரவில்லையே என்று அசட்டையாக இருக்காதீர்கள். அடுத்த வீட்டில் வயதானவர் தனியாக இருந்தால் அவருக்கும் போய்ச் சொல்லுங்கள்.

ஏழாவது கட்டம் நம் கையில் இருக்கிறது. அதை நாம் சரியாகச் செய்வோம்.